மருந்தளவு அறிதல்

நோய் தீர்க்கும் பொருளுக்கு மருந்து என்பது பெயர். துப்பாக்கியில் இட்டுக் கெட்டிக்கும் கரிய தூளுக்கும் தமிழர் மருந்து என்றே பெயர் வைத்தனர். உயிர் காப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் வழங்குவது ஏன் என்று ஆராய்வது சொல்லாராய்ச்சி வல்லாரின் வேலை. ஆயினும் ஒன்றை நாம் துணிந்து கூறலாம்: இரண்டிற்கும் உயிர்நிலை அளவே. வள்ளுவப் பெருமான் 'மருந்து' என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, மிகுதியும் தீங்கு, குறைவும் தீங்கு என்று வரம்பு கட்டிவிட்டார். அவர் உடலுக்குச் சொன்னது துப்பாக்கிக்கும் பொருந்தும். நமது தங்கவயலின் பாறைத் துளைக்கும் பொருந்தும்.

காலை வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு வினா எழுப்பினர். "அமெரிக்கப் படங்களில் குதிரை வீரர்கள் இடுப்பில் செருகியிருக்கிறார்களே, அந்தப் பழைய சுழல் துப்பாக்கி, அதற்கு எவ்வளவு மருந்து இடுவார்கள்? கூட இட்டால் குண்டு இன்னும் வேகமாகப் போகாதோ?" என்பது வினா. நாம் புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதுபவர். பத்தாவது வரை படித்தவர். எனினும் வினா நம்மை விடவில்லை. நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, விடை டெக்சாஸ் நாட்டில் மட்டுமன்றி, நமது கடலூரிலும் கிடப்பதைக் கண்டு வியந்தோம். அறிந்ததை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அது எத்தகைய துப்பாக்கி?

இக்காலத் துப்பாக்கிக்குத் தோட்டா உண்டு. மருந்து, குண்டு, தீப்பொறி தரும் பகுதி ஆகிய மூன்றும் ஒரு பித்தளைக் கூட்டினுள் அடங்கி, தொழிற்சாலையிலிருந்தே அளவாகி வந்துவிடுகின்றன. சுடுபவர் அளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

1830-களின் நடுவில் சாமுவேல் கோல்ட் என்பார் அமெரிக்காவில் உரிமம் பெற்றுச் செய்த சுழல் துப்பாக்கிக்கு அத்தகைய தோட்டா கிடையாது. அதன் நடுவில் ஓர் இரும்பு உருளை. உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் முன்புறமாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் உருண்டையான ஈயக் குண்டை வைத்து, குழலின் அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்திக் கெட்டிக்க வேண்டும். குண்டு அறையின் வாயைவிட மயிரிழை பெரியது; ஆதலின் உள்ளே இறங்கும்போது ஈயம் வளையம்போல் சீவப்பட்டு வெளியே நிற்கும். அவ்வாறு நின்றால்தான் குண்டு இறுகப் பொருந்தியது என்று பொருள். அறையின் பின்புறத்தில் ஒரு சிறு முலைக்காம்பு போன்ற துளை; அதன்மேல் 'கேப்' எனப்படும் செப்புத் தொப்பி. சுத்தியல் அதன்மேல் விழுந்ததும் பொறி உள்ளே பாய்ந்து மருந்து எரியும்.

ஆறு அறைகளையும் இவ்வாறு நிரப்புவதற்குள் பல நிமிடங்கள் ஆகும். ஒவ்வோர் அறைக்கும் சுடுபவரே தச்சர், அவரே கொல்லர், அவரே மருத்துவர். எவ்வளவு மருந்து என்று தீர்மானிப்பவரும் அவரே.

அளவுக்கு அளவை

ஆங்கிலேயர் வெடிமருந்தைக் 'கிரெயின்' என்னும் சிற்றளவால் நிறுத்தனர். ஒரு பவுண்டு எடையில் 7,000 கிரெயின்கள். இதை நமது வாசகர்களுக்கு விளக்குவது எளிது. ஏனெனில் தங்கவயலில் எடையைப் பவுனால் எண்ணத் தெரியாதவர் இல்லை. எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுன் ஏறத்தாழ 123 கிரெயின் எடையுள்ளது. பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ 2 கிரெயின்.

கோல்ட் செய்த 'நேவி' என்னும் 1851-ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் ஓர் அறைக்கு 15 முதல் 25 கிரெயின் வரை மருந்திடுவது வழக்கம். சற்றுப் பெரிய குண்டு கொண்ட 1860-ஆம் ஆண்டு 'ஆர்மி' துப்பாக்கிக்கு 25 முதல் 35 வரை. முப்பது கிரெயின் என்பது கால் பவுனுக்கும் சற்றுக் குறைவு. ஒரு மூக்குத்தியும் ஒரு சிறு தோடும் சேர்ந்த எடை என்று கொள்ளலாம். அவ்வளவு சிறிய தூளே ஈயக் குண்டைப் பலகையில் ஊடுருவச் செய்கிறது.

ஆனால் சுடுமிடத்தில் தராசு தூக்குவார் எவருமில்லை. மருந்தை நிறுப்பதில்லை, முகப்பதே வழக்கம். நமது இல்லங்களில் அரிசியை நிறுத்தா போடுகிறார்கள்? படியாலும் ஆழாக்காலும் அளக்கிறார்கள். அதைப்போலவே மருந்துக்கும் ஒரு சிறு பித்தளை அளவைக் குழாய் உண்டு. பழைய மருந்துக் குடுவைகளின் மூக்கே அளவையாகும். குடுவையைக் கவிழ்த்து விரலால் மூக்கை அடைத்து, அடைப்பானை ஒருமுறை திறந்து மூடினால், மூக்கின் நீளத்துக்கு உரிய மருந்து அதில் நிறையும். மூக்கு நீண்டால் அளவு மிகும், குறுகினால் குறையும்.

இங்கே நம் தாய்மார்கள் அறிந்த நுட்பம் ஒன்று உண்டு. தலைதட்டி அளந்த படிக்கும் கோபுரமாகக் குவித்து அளந்த படிக்கும் எவ்வளவு வேறுபாடு! அளக்கும்போது படியைத் தரையில் ஒருமுறை தட்டினாலும் அரிசி இறங்கி அளவு மாறிவிடும். மருந்தும் அப்படியே. ஒரு நாள் தட்டியும் ஒரு நாள் தட்டாமலும் அளப்பவர், ஒரே அளவைக் குழாயை வைத்துக்கொண்டே வெவ்வேறு அளவு இடுகிறார். ஆகவே, எத்தனை கிரெயின் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே வகையில் அளப்பது முதன்மையானது.

கடலூரில் மறைந்த கணக்கர்

'மருந்து கூடினால் வேகம் எவ்வளவு கூடும்?' என்னும் வினாவுக்கு நெடுங்காலம் எவரும் சரியான விடை சொல்லவில்லை. பறக்கும் குண்டின் வேகத்தை அளப்பது எங்ஙனம்? கண் தொடர முடியாததைக் கடிகாரம் தொடருமா?

வழி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தில் பாத் நகரில் ஏழைத் தையற்காரர் ஒருவர் மகனாக 1707-இல் பிறந்தவர். பெரும்பாலும் தாமே கற்றுக் கணித மேதையானவர். 1742-இல் பீரங்கிக் கலையைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விளக்கிய கருவி மிக எளியது. கனத்த மரக்கட்டையை ஊஞ்சல்போல் தொங்கவிட வேண்டும். துப்பாக்கியை அதன்மேல் சுட வேண்டும். குண்டு கட்டையினுள் புதைந்து நிற்க, ஊஞ்சல் பின்னோக்கி ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கட்டையில் இணைத்த நாடாவின் நீளம் காட்டிவிடும். குண்டின் எடையும் கட்டையின் எடையும் தெரியுமாதலால், ஆடிய தூரத்திலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம்.

மருந்தின் ஆற்றல் அன்றுதான் ஊகத்திலிருந்து விடுபட்டுக் கணக்கினுள் வந்தது. ஆய்லர் என்னும் மாபெரும் கணித அறிஞர் 1745-இல் அந்நூலை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார். 1746-இல் லண்டன் ராயல் சங்கம் ராபின்சுக்குத் தனது உயரிய காப்லி பதக்கத்தை வழங்கியது. கப்பற் பீரங்கிகளுக்கு வழக்கமாக இடும் மருந்தைக் குறைக்கலாம் என்றும் அவர் வாதித்தார். மருந்து குறைந்தால் வலிமை குறையும் என்று நம்பியிருந்த உலகுக்கு அது புதுமையாக இருந்தது.

இத்தகைய அறிஞர் எங்கே மறைந்தார் தெரியுமா? கிழக்கிந்தியக் கும்பினியார் அவரைத் தங்கள் தலைமைப் பொறியாளராக அமர்த்தி, கோட்டைகளைச் செப்பனிட நமது நாட்டுக்கு அனுப்பினர். 1750-இல் அவர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். ஓராண்டு கழிந்து, 1751 ஜூலையில், காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். வயது நாற்பத்து நான்கு. தென்னார்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஊருக்குப் போகும்போது கெடிலம் ஆற்றங்கரையில் சிதைந்து நிற்கும் அக்கோட்டையைக் காண்பவர்கள், மருந்தளவுக்குக் கணக்குக் கண்டவர் இறுதி மூச்சை விட்ட இடம் அது என்று நினைத்துக்கொள்ளலாம்.

ராபின்ஸ் தொடங்கியதைப் பின்னர் சார்லஸ் ஹட்டன் என்பார் பீரங்கிகளைக் கொண்டு விரிவாகச் செய்து, 1778-இல் முடிவை வெளியிட்டார். அம்முடிவு இதுதான்: குண்டின் வேகம் மருந்தின் எடைக்கு நேராகப் பெருகுவதில்லை, அதன் வர்க்கமூலத்தின்படியே பெருகுகின்றது. அதாவது மருந்தை இரு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காகாது. ஒன்றரை மடங்குகூட ஆகாது. வேகம் இரு மடங்காக வேண்டுமானால் மருந்தை நான்கு மடங்கு இட வேண்டும். அதுவும் அந்த மருந்து முழுவதும் எரிவதற்குக் குழலில் இடமிருந்தால்தான். சுழல் துப்பாக்கியின் குழலோ ஏழெட்டு அங்குலமே. மிகுதியாக இட்ட மருந்தில் ஒரு பகுதி எரியாமலே குண்டின் பின்னால் வெளியேறிவிடும்.

வண்டியில் நம்மை வினவிய இளைஞர்களுக்கு முதல் விடை கிடைத்தது. கூட இட்டால் கொஞ்சம் வேகம் கூடும். ஆனால் இட்ட அளவுக்குக் கூடாது. கூடுவது வேறொன்று. அதை டெக்சாஸ் நாட்டுச் செய்தி நமக்குச் சொல்லும்.

உருளை வெடித்த கதை

1847-இல் அமெரிக்கருக்கும் மெக்சிகருக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. சாமுவேல் வாக்கர் என்னும் படைத்தலைவர், குதிரைமேலிருந்து சுடுவதற்கு வலிமை மிக்க துப்பாக்கி வேண்டுமென்று கோல்ட்டிடம் கேட்டார். இருவரும் கலந்து செய்ததே 'வாக்கர்' என்னும் துப்பாக்கி. எடை ஏறத்தாழ இரண்டு கிலோ. ஓர் அறை 60 கிரெயின் மருந்தைக் கொள்ளும். அதாவது அரைப் பவுன் எடைக்குச் சற்றே குறைவு. அக்காலத்தில் கையில் ஏந்திச் சுடும் துப்பாக்கிகளுள் அதற்கு நிகரில்லை.

ஆயினும் அதன் உருளைகள் சில வெடித்துச் சிதறின. அக்காலத்து இரும்பு இன்றைய எஃகைப் போன்றதன்று. ஒரே சீராக வார்க்கப்படவும் இல்லை. அந்த உருளைக்கு 60 கிரெயின் என்பது இரும்பின் தாங்கும் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. அறை கொள்ளும் அளவெல்லாம் வீரர்கள் மருந்தைக் கொட்டினர். கூம்பிய குண்டுகளைச் சிலர் தலைகீழாகச் செருகினர் என்றும் சொல்வர். ஆகவே கோல்ட் 50 கிரெயினுக்கு மேல் இடவேண்டாம் என்றார். ஓராண்டுக்குள் உருளையைக் குறுக்கி, அறையின் கொள்ளளவையே குறைத்து, 'டிரகூன்' என்னும் புதிய துப்பாக்கியை வெளியிட்டார்.

இந்தச் செய்தியில் நாம் ஊன்றிக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பது வேறு. எவ்வளவு தாங்கும் என்பது வேறு. அறை கொள்ளுகிறதே என்று நிரப்பியவர்களுக்குத்தான் உருளை வெடித்தது. கோல்ட் கண்ட தீர்வும் அறிவுரையோடு நிற்கவில்லை. எச்சரித்தும் கேளார் என்பதை உணர்ந்து, மிகுதியாக இட இடமே இல்லாதபடி பாத்திரத்தைச் சிறிதாக்கினார். தொழிலாளரைக் காக்க விரும்பும் எவர்க்கும் இது நல்ல பாடம்.

பாத்திரம் வலுத்தால் மருந்தும் கூடலாம் என்பதற்கு நமது கோலார்ச் சீமையே சான்று. தங்கவயலுக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்தவர் ஹைதர் அலி. அவரும் அவர் மகன் திப்பு சுல்தானும் படையில் கையாண்ட ராக்கெட்டுகளுக்கு மூங்கிலாலும் காகிதத்தாலும் ஆன கூட்டுக்குப் பதிலாக இரும்புக் குழாயை அமைத்தனர். இரும்பு தாங்கியதால் மருந்தை இறுக அடைக்க முடிந்தது; ராக்கெட்டும் நெடுந்தொலை சென்றது. 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அதன் வன்மையைக் கண்டது. சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் பாழ்ங்கிணறு ஒன்றிலிருந்து அத்தகைய ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் 2018-இல் கிடைத்தன.

அளவு காணும் முறை

இனி, ஒரு சுழல் துப்பாக்கிக்கு உரிய அளவை அறிந்தோர் எவ்வாறு காண்கின்றனர் என்பதைக் காண்போம். பழைய முகவாய்த் துப்பாக்கிகளைச் சுடும் போட்டிகள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன. அவற்றுக்கென 1971-இல் நிறுவப்பட்ட பன்னாட்டுக் குழு ஒன்றும் உண்டு. சுழல் துப்பாக்கிக்கு 25 மீட்டர் தொலைவில் குறி வைத்து, 13 குண்டு சுட்டு, சிறந்த பத்தைக் கணக்கில் கொள்வர். அப்போட்டியாளர்கள் கைக்கொள்ளும் முறை இது.

முதலில் குறைந்த அளவில் தொடங்குவர். துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் தாங்கி வைத்து, அதே அளவில் ஐந்தாறு குண்டு சுடுவர். தாளில் விழுந்த துளைகள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்று அளந்து குறிப்பேட்டில் எழுதுவர். பிறகு இரண்டு மூன்று கிரெயின் கூட்டி மீண்டும் ஐந்தாறு. இவ்வாறே படிப்படியாக. மருந்தைத் தவிர மற்ற எதையும் மாற்றமாட்டார். அதே குண்டு, அதே கேப், அதே கைப்பழக்கம். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் விளைந்தது என்று தெரியாமற் போகும்.

அளவு கூடக்கூடத் துளைகள் முதலில் நெருங்கும். ஓர் எல்லைக்குப் பின் மீண்டும் சிதறத் தொடங்கும். மிக நெருங்கிய இடமே அத்துப்பாக்கிக்கு உரிய அளவு. அது பெரும்பாலும் அறை கொள்ளும் அளவினும் குறைவாகவே இருக்கும். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரு துப்பாக்கிகளுக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அண்ணனுக்குப் பொருந்திய மருந்து தம்பிக்குப் பொருந்தும் என்று மருத்துவர் கொள்வதில்லை அல்லவா?

குறைந்த அளவு இடும்போது ஒரு சிக்கல் தோன்றும். மருந்து அறையின் அடியில் கிடக்கும். மேலே வெற்றிடம் மிகும். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி விடுதல் கருமருந்துத் துப்பாக்கியில் பெருந்தவறு. குழலோ அறையோ வீங்கி வெடிக்க இடமுண்டு. ஆகவே குண்டு மருந்தின்மேல் இறுக அமர வேண்டும். ஆனால் குண்டு அறையின் அடி ஆழத்தில் அமர்ந்தால், குழலின் வாயை அடையுமுன் நெடுந்தூரம் தாவ வேண்டியிருப்பதால் குறி பிசகும். இதற்கு அவர்கள் கண்ட உபாயம் நம் சமையலறையில் உள்ளது. மருந்தின்மேல் அளவாக ரவையைக் கொட்டி, அதன்மேல் குண்டை அமர்த்துகின்றனர்! இடைவெளியும் நீங்கும், குண்டும் வாயருகே நிற்கும். உப்புமாவுக்கு அன்றி வேறொன்றுக்கும் ரவை உதவும் என்று நாம் எண்ணியதில்லை.

குண்டின் மேற்புறத்தில் கொழுப்புப் பூசுவதும், அல்லது மருந்துக்கும் குண்டுக்கும் இடையே மெழுகேறிய கம்பளி வட்டை வைப்பதும் உண்டு. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவி எல்லாம் ஒருங்கே வெடித்துவிடாமல் காப்பது அதன் பயன்களுள் ஒன்று.

பிறர் அளந்த அளவு

அளக்கும் தொல்லை போர்க்களத்தில் கூடாது என்பதற்காகப் படைகள் மருந்தை முன்னரே அளந்து காகிதத்தில் சுற்றிக் கொடுத்தன. என்பீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் ஏறத்தாழ 70 கிரெயின் மருந்து இருந்தது. சிப்பாய் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் காகிதத்தின்மேல் பூசிய கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி பரவியபோது, 1857-இல் வட நாடு கொந்தளித்தது. அக்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. இது ஒரு பொறி. மருந்தை அளந்த அதிகாரிகள், அதை வாயில் வைப்பவனின் மனத்தை அளக்க மறந்தனர்.

எல்லா மருந்தும் ஒரே மருந்தன்று

வெடியுப்பு நூற்றுக்கு 75, கரி 15, கந்தகம் 10 என்பது கருமருந்தின் பழைய விகிதம். ஆயினும் ஒரே விகிதத்தில் செய்த மருந்தும் மணியின் பருமனுக்கேற்ப வேறுபடும். பொடி மணி விரைந்து எரியும்; பெருமணி மெல்ல எரியும். விறகுக் கட்டையும் சிராய்த்தூளும் அடுப்பில் எரியும் வேறுபாடே அது. ஆகவே பெருமணிக்குக் கண்ட அளவைப் பொடி மணிக்கு இடுதல் தவறு. மருந்து மாறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னும் பெரிய தவறு ஒன்று உண்டு. கருமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும்; புகையும் கசடும் அதனாலேயே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து வந்தது. நீலகிரியில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே மலை ரயில் நிற்கும் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது அம்மருந்துக்காகவே. அதன் ஆற்றல் கருமருந்தினும் பன்மடங்கு. கருமருந்தின் அளவைக் குழாயில் அதை முகந்து பழைய துப்பாக்கியில் இட்டால், இரும்பு தாங்காது. சுட்டவர் கையும் கண்ணும் தப்புவது அரிது. அளவைக் குழாய் ஒன்றே. உள்ளே போகும் பொருள் வேறு. அளவு என்பது பொருளோடு சேர்ந்தது என்பதை மறந்தவர் இழந்தவை பல.

துப்பாக்கி நம் வீட்டில் இல்லையே என்று வாசகர்கள் அமைதி கொள்ளலாகாது. தீபாவளி ஆண்டுதோறும் வருகின்றது. பத்து வெடிகளைப் பிரித்து, மருந்தை ஒரு டப்பாவில் கொட்டி, ஒரே பெரிய வெடியாக்கும் ஆசை சிறுவர்க்கு இயல்பு. அவர்கள் செய்வது வாக்கர் துப்பாக்கியில் மருந்து கொட்டியோர் செய்ததே, அதனினும் தீயது. ஏனெனில் இக்கால வெடிகள் பலவற்றில் இருப்பது கருமருந்தன்று. அலுமினியத்தூள் கலந்த வேறு கலவை. உரசினாலும் தட்டினாலும் அது பற்றக்கூடும். பெற்றோர் இதனைத் தம் மக்களுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லல் வேண்டும்.

ஊருக்குச் செல்லும்போது பட்டாசை மூட்டையில் மறைத்து வண்டியில் ஏற்றுவோரும் உளர். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி அது மூன்றாண்டு வரை சிறை தரத்தக்க குற்றம். சட்டத்துக்கு அஞ்சாவிடினும், அதே பெட்டியில் தூங்கும் குழந்தைகளுக்காவது அஞ்ச வேண்டும். துப்பாக்கியும் மருந்தும் உரிமமின்றி வைத்திருப்பதும் குற்றமே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பாட்டன்மார் அறிந்த அளவு

இறுதியாக நம் வயலுக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வேலை தொடங்கியபோது டைனமைட்டின் காலம் பிறந்துவிட்டது; நோபெல் அதற்கு உரிமம் பெற்றது 1867-இல். ஆயினும் கருமருந்து சுரங்கங்களை விட்டு முற்றும் போகவில்லை, திரிக்குள் புகுந்துகொண்டது.

முன்னாளில் சுரங்கத்தார் நாணற்குழலிலும் இறகுத் தண்டிலும் மருந்தை நிரப்பித் திரியாக்கினர். ஒன்று விரைந்து எரியும், ஒன்று தயங்கி எரியும். அணைந்துவிட்டதென்று எண்ணித் திரும்பி வந்தவர் மாண்டனர். இக்கொடுமையைக் கண்ட வில்லியம் பிக்போர்டு என்னும் தோல் வணிகர், இங்கிலாந்தின் கார்ன்வால் நாட்டில் 1831-இல் ஒரு திரி கண்டார். சணல் நூலால் முறுக்கிய கயிற்றின் நடுவே கருமருந்து ஒரே சீராக ஓடும். அடிக்கு ஏறத்தாழ அரை நிமிடம் எரியும். எத்தனை அடி வெட்டினோமோ அத்தனை அரை நிமிடம் விலகிச் செல்ல நேரம். கார்ன்வால் சுரங்கத்தார் சென்ற நாடெல்லாம் அத்திரியும் சென்றது. அவர்களுள் பலர் நம் தங்கவயலுக்கும் வந்தவர்களே. உலகில் எத்தனையோ உயிர்களைக் காத்தது, ஒரு மெல்லிய மருந்து இழையின் சீரான அளவு.

பாறைத் துளைக்கும் அளவு உண்டு. குறைந்தால் துளையின் அடிப்பகுதி உடையாமல் நிற்கும். அதில் வெடியாத மருந்து தங்கியிருந்தால், அடுத்த முறை துளையிடுபவரின் உயிருக்கே உலை. மிகுந்தால் வேண்டிய பாறையோடு வேண்டாத பாறையும் அதிர்ந்து, கூரையும் சுவரும் தளரும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீப் போன்ற சுரங்கத்தில், மேலுள்ள மலையின் பாரம் முழுவதும் அப்பாறையை அழுத்திக்கொண்டிருந்தது. பாறையின் நிறம், துளைக்கும்போது எழும் ஓசை, வெளிவரும் தூளின் தன்மை ஆகியவற்றைக் கொண்டே அளவு கண்ட முதியோர் இருந்தனர் என்று கேட்டிருக்கிறோம். ராபின்சின் ஊஞ்சலும் ஹட்டனின் வர்க்கமூலமும் அவர்கள் அறியார். ஆயினும் அவர்கள் செய்ததும் அதே சோதனைதான்: கொஞ்சமாய்த் தொடங்கு, விளைவைப் பார், பிறகு கூட்டு.

வேறுபாடு ஒன்றே. ராபின்ஸ் எழுதி வைத்தார். அவர் கடலூரில் மாண்ட பின்னும் அவர் கண்டது வாழ்கிறது. நம் பாட்டன்மார் எழுதி வைக்கவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, பூமிக்கடியில் வாழ்நாளைக் கழித்த அவர்களுக்கு ஏடும் எழுத்தும் எட்டாதிருந்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று கடைசியாக வெளியே வந்த தொழிலாளரில் இளையவரும் இன்று நடுவயதைக் கடந்துவிட்டார். அவர்களோடு அவ்வறிவும் மறைந்துகொண்டிருக்கிறது.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சுரங்கத்தில் வெடி வைத்தவர், துளையிட்டவர், திரி வெட்டியவர் எவரேனும் இருப்பின், ஒரு மாலைப் பொழுதில் அவர் அருகில் அமருங்கள். பாறையை எப்படிப் பார்த்தீர்கள், எத்தனை குச்சி வைத்தீர்கள், எப்போது குறைத்தீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். எழுதியதன் படியொன்றை நம் இதழுக்கும் அனுப்புங்கள்.